பந்திக்கு முந்துவதா? ராட்டினத்துக்கு முந்துவதா?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)



"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாண மண்டபத்தில் இன்றும் இதுதான் சட்டம். முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "இவர் எப்போ மோர் சாதத்துக்கு வருவார்?" என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு தீம் பார்க்குக்குள் நுழைந்துவிட்டால் இந்தப் பழமொழி நம்மைக் குழப்பிவிடுகிறது. அங்கே பந்தியும் இருக்கிறது, படையும் இருக்கிறது. சாப்பாட்டுக் கவுண்டரில் ஒரு கியூ. ராட்டினத்துக்கு ஒரு கியூ. நமக்கு இருப்பதோ ஒரே ஒரு பகல்!

'இதெல்லாம் ஒரு கட்டுரைக்குரிய விஷயமா? நாட்டில் எவ்வளவோ பிரச்சனை இருக்க, ராட்டின கியூவைப் பற்றி எழுத வந்துவிட்டான்' என்று சிலர் நினைக்கலாம். பொறுங்கள். நம் சங்கம் ஆண்டுதோறும் இன்பச் சுற்றுலா போகிறது. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே புலம்பல்: "மச்சான், மூணு ராட்டினம்தான்டா ஏறினேன்!" காசு கொடுத்தது ஒரு நாளுக்கு; அனுபவித்தது முக்கால் மணி நேரம். மீதி நேரம் எங்கே போனது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

நேரம் என்னும் டிக்கெட்

நம் வடசென்னைக்காரர்களுக்குத் தீவுத்திடல் பொருட்காட்சி புதிதல்ல. ராயபுரத்திலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ ஒரு பஸ் ஏறினால் போதும். உள்ளே ஜெயன்ட் வீலுக்குத் தனிக் காசு, கொலம்பஸுக்குத் தனிக் காசு, டெல்லி அப்பளத்துக்குத் தனிக் காசு. பையில் பணம் தீர்ந்தால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். அங்கே நம்மைக் கட்டுப்படுத்துவது பணம்.

தீம் பார்க் அப்படியல்ல. வாசலிலேயே மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொள்கிறார்கள். அதன் பிறகு எந்த ராட்டினத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து நம்மைக் கட்டுப்படுத்துவது நேரம். அமெரிக்காவில் 1955-ல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டிலும் தொடக்க காலத்தில் ராட்டினத்துக்கு ராட்டினம் கூப்பன் கிழித்துக் கொடுத்துத்தான் ஏறினார்கள். 1982-ல்தான் அந்தக் கூப்பன் முறையைக் கைவிட்டு, ஒரே டிக்கெட் என்றாக்கினார்கள். கூப்பன் போனது, கியூ நீண்டது. உலகம் முழுவதும் இதுதான் கதை.

நம் சென்னையில் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. கோல்டன் பீச், முட்டுக்காடு பக்கம் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு, 1995-ல் தாம்பரம் அருகே தொடங்கப்பட்ட கிஷ்கிந்தா, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறக்கப்பட்ட வொண்டர்லா... இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் ஊருக்குத் தெற்கே! வடக்கே நமக்கு இருப்பது அனல்மின் நிலையமும், உரக் கம்பெனியும், சுத்திகரிப்பு ஆலையும், துறைமுகமும்தான். திருவொற்றியூரிலிருந்து திருப்போரூர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்ததால் விமான நிலையம் வரை சுகமாகப் போய்விடலாம்; அதற்கப்புறம் பஸ்தான், ஆட்டோதான். வேளச்சேரிக்காரன் பத்து மணிக்குத் தூங்கி எழுந்து போகிற இடத்துக்கு, எண்ணூர்க்காரன் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். ஆகையால் அங்கே வீணாகிற ஒவ்வொரு மணி நேரமும் நமக்கு இரண்டு மடங்கு நஷ்டம்.

அதிலும் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், ஷிப்டுக்குப் போகிற காண்ட்ராக்ட் தொழிலாளி, இவர்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவது வருஷத்துக்கு ஒரு நாள். சில வீடுகளில் அதுவும் கிடையாது. அந்த ஒரு நாளை கியூவில் கரைப்பது நியாயமா? இதுதான் என் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு

நாம் டிப்ளமோ படிக்கிற பசங்க. கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது.

ஒரு ராட்டினத்தில் 24 இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களை ஏற்றி, பெல்ட் சரிபார்த்து, ஓட்டி, இறக்க 5 நிமிஷம். ஒரு மணி நேரத்தில் 12 சுற்று. 12 × 24 = 288 பேர். நமக்கு முன்னால் 144 பேர் நின்றால் 6 சுற்று கழித்து நம் முறை வரும், அதாவது அரை மணி நேரம். 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு விதியை நிரூபித்தார். வரிசையில் நிற்கும் சராசரி ஆட்கள் = வந்து சேரும் வேகம் × காத்திருக்கும் சராசரி நேரம். நம் கணக்கிலும் 288 × ½ = 144. பொருந்துகிறதா? வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் டோல்கேட்டுக்கும் இதே விதிதான். அதற்கும் வெகு முன்பே, 1909-ல், டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற பொறியாளர், டெலிபோன் அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். கியூவைப் பற்றிய சாஸ்திரமே அங்கிருந்துதான் பிறந்தது. ஆக, கியூ என்பது தலைவிதி அல்ல நண்பர்களே, அது கணக்கு!

இப்போது சாப்பாட்டுக் கவுண்டருக்கு வருவோம். பணம் வாங்கி, தட்டை எடுத்துக் கொடுக்க ஒரு சாப்பாட்டுக்கு அரை நிமிஷம். ஒரு கவுண்டரில் மணிக்கு 120 சாப்பாடு. மூன்று கவுண்டரில் 360. பூங்காவில் அன்றைக்குச் சாப்பிட வேண்டியவர்கள் 1200 பேர். எல்லாரும் சரியாக 1 மணிக்குப் போய் நின்றால் என்ன ஆகும்? கடைசி ஆளின் கையில் தட்டு வர 3 மணி 20 நிமிஷம் பிடிக்கும். மணி 4.20! அதற்குள் அவன் பசியே செத்துப் போயிருக்கும். அதே 1200 பேர், அதே மூன்று கவுண்டருக்கு 11.30-லிருந்து 3 மணி வரை சீராகப் பிரிந்து வந்தால்? மூன்றரை மணி நேரத்தில் 1260 சாப்பாடு போடலாம். யாரும் நிற்கவே வேண்டியதில்லை!

ஒரு கவுண்டர் கூடவில்லை. ஒரு சமையல்காரர் கூடவில்லை. வந்த நேரம் மட்டும்தான் மாறியது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 11 மணியிலிருந்து 1 மணி வரை சாப்பாட்டுக் கூடம் ஈ ஓட்டுகிறது. ராட்டினத்தில் கூட்டம் நெரிகிறது. 1 மணிக்குக் கூட்டம் முழுவதும் சாப்பாட்டுக்குப் பாய்கிறது. ராட்டினத்தில் பாதி இருக்கை காலியாகச் சுற்றுகிறது. காலியாகச் சுற்றி வந்த இருக்கையை யாரும் மூட்டை கட்டி வைத்து மாலையில் கொடுக்க முடியாது. போனது போனதுதான். இரண்டு கியூவும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. ஒன்று நிரம்பும்போது இன்னொன்று காலியாகும் இரட்டைப் பாத்திரங்கள். இவற்றைச் சமன் செய்யத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன்.

நம் தொழிற்பேட்டை கற்றுக்கொடுக்கும் பாடம்

இதைக் கற்றுக்கொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. எங்க அப்பா வேலை பார்த்தது நம் திருவொற்றியூர் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில். அங்கே எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாட்டு மணி அடிக்க மாட்டார்கள். மெஷின் ஷாப்புக்கு ஒரு நேரம், அசெம்பிளிக்கு ஒரு நேரம், பெயின்ட் ஷாப்புக்கு ஒரு நேரம். ஒரு பேட்ச் எழுந்திருக்கும்போது அடுத்த பேட்ச் உள்ளே வரும். "எங்க கேன்டீன்ல கியூ நின்னதா எனக்கு ஞாபகமே இல்லப்பா. மணி அடிச்சா போவோம், துன்னுவோம், வந்துடுவோம்" என்பார் அப்பா.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரண்டு விஷயங்களை வகுத்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும். அரை மணி நேர ஓய்வில் கால் மணி கியூவில் போனால் மனிதன் எப்போது சாப்பிடுவது? அதனால்தான் பேட்ச் பிரித்தார்கள். மெஷினும் நிற்கவில்லை, மனிதனும் பட்டினி கிடக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் நம் அப்பாக்களுக்குக் கிடைத்த இந்த ஒழுங்கு, காசு கொடுத்து விளையாடப் போகிற இடத்தில் அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கக் கூடாதா?

ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஏரியாவிலேயே உதாரணம் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நின்ற கன்டெய்னர் லாரிகளைப் பல ஆண்டுகள் பார்த்துத்தானே வளர்ந்தோம்! டிரைவர் வண்டியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் முன்னால் இடம் போய்விடும். கிளீனர் ஓடிப் போய் பார்சல் வாங்கி வருவார். இல்லாவிட்டால் வண்டி ஓரத்திலேயே ஸ்டவ் பற்ற வைத்துச் சோறு பொங்குவார்கள். கியூவை விட்டால் இடம் போச்சு, விடாவிட்டால் சாப்பாடு போச்சு! தீம் பார்க்கில் கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு தாயின் நிலையும் அந்த நேரத்தில் இதுதான். கியூவை விட்டுப் போய்க் குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்தால், மறுபடியும் முதலிலிருந்து நிற்க வேண்டும்.

போன வருஷம் நாங்கள் 52 பேர் ஒரு பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம். 1.10-க்கு டோக்கன் கியூவில் நின்றவர்களுக்கு 2.05-க்குத்தான் தட்டு வந்தது. உட்கார இடமில்லாமல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த 55 நிமிஷத்தில், பக்கத்திலேயே காலையில் முக்கால் மணி கியூ இருந்த ராட்டினம், பாதி ஆளோடு சுற்றிக்கொண்டிருந்தது! எங்கள் கண் முன்னாலேயே! கவுண்டரில் இருந்த அண்ணனிடம் கேட்டதற்கு, "எல்லாரும் ஒண்ணா வந்தா நான் இன்னா தம்பி பண்றது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தவறு அவர் மேலும் இல்லை, பசித்து வந்தவர் மேலும் இல்லை. 'எப்போது வருவது?' என்று யாருமே யாருக்கும் சொல்லாததுதான் தவறு.

முன்பதிவு செய்தால் தீருமா?

"அப்படியானால் டேபிளை முன்கூட்டியே ரிசர்வ் செய்துவிட்டால் போச்சு" என்று சொல்லலாம். அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அதைத்தான் செய்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் 60 நாளைக்கு முன்பே மேஜை பதிவு செய்யலாம். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, இரண்டு மாதம் கழித்து எந்த நாள் எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று முடிவு செய்துவிட வேண்டும்! அன்றைக்கு என்ன நடக்கும்? 12.30-க்கு மேஜை. 12 மணிக்கு ஒரு ராட்டின கியூவில் நிற்கிறோம். 12.20 ஆகிறது, இன்னும் இருபது பேர் முன்னால். விட்டுவிட்டு ஓடுவதா, மேஜையை இழப்பதா? நிமிஷக் கணக்கில் முன்பதிவு செய்தால் சாப்பாட்டு கியூ ஒழியும். ஆனால் மனசுக்குள் ஒரு அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். விளையாடப் போன இடத்தில் கைக்கடிகாரத்துக்கு அடிமையாவதா?

ராட்டினத்துக்கும் முன்பதிவு கொண்டு வந்தார்கள். 1999-ல் டிஸ்னி 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற சீட்டைக் கொடுத்தது. சீட்டில் ஒரு மணி நேர இடைவெளி அச்சிட்டிருக்கும். அந்த நேரத்துக்குள் வந்தால் சீக்கிரம் ஏறிவிடலாம். இலவசம். எல்லாருக்கும் பொது. நல்ல யோசனைதான். ஆனால் சீட்டை வாங்கிக்கொண்டு விடுபட்டவர்கள் என்ன செய்வார்கள்? வேறொரு கியூவில் போய் நிற்பார்கள்! இருக்கைகளின் எண்ணிக்கை கூடவில்லையே! 2020-ல் கொரோனாவுக்காகப் பூங்கா மூடியபோது அந்த இலவச முறையும் நின்றது. 2021-ல் அதற்குப் பதிலாக வந்தது காசு கொடுத்து வாங்கும் முறை. இன்று 'லைட்னிங் லேன்' என்ற பெயரில் அது நடக்கிறது. நம் நாட்டுப் பெரிய பூங்காக்களிலும் கூடுதல் கட்டண விரைவு டிக்கெட்டுகள் உண்டு.

இங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு. மறுபடியும் நம் 24 இருக்கை ராட்டினத்துக்கு வாருங்கள். பாதி இருக்கைகளை விரைவு டிக்கெட்காரர்களுக்கு ஒதுக்கினால் பொது கியூவுக்குச் சுற்றுக்கு 12 இருக்கைதான். முன்னால் நிற்கும் 144 பேர் ஏற 12 சுற்று, அதாவது ஒரு மணி நேரம். அரை மணி ஒரு மணி ஆகிவிட்டது! விரைவு டிக்கெட் யாருக்கும் புதிதாக நேரத்தை உண்டாக்கித் தருவதில்லை. என்னுடைய அரை மணியை எடுத்து இன்னொருவருக்கு விற்கிறது. விற்றவருக்குக் காசு, வாங்கியவருக்கு நேரம், எனக்குக் கால் வலி!

'காசு இருக்கிறவன் வாங்குகிறான், உனக்கென்ன பொறாமை?' என்று கேட்பவர்கள் உண்டு. பொறாமை இல்லை நண்பா. நானும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்தேன். வாங்கும்போது 'உன் நேரத்தில் பாதியை நாங்கள் வேறொருவருக்கு விற்போம்' என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! சொல்லிவிட்டுச் செய்யட்டும். எத்தனை இருக்கை ஒதுக்குகிறார்கள் என்று வாசலில் எழுதிப் போடட்டும். அதற்கு ஓர் உச்ச வரம்பு இருக்கட்டும். இதைக் கேட்பது பொறாமை அல்ல, உரிமை.

நியாயமாகப் பேச வேண்டுமானால் நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம்மில் சிலர் ஒருவனை கியூவில் நிற்க வைத்துவிட்டு, அவன் முறை வரும்போது எட்டு பேர் விசிலடித்துக்கொண்டு கம்பிக்குக் கீழே புகுந்து போகிறோம். பின்னால் குழந்தையோடு நிற்கிறவர் ஏதாவது கேட்டால், "காலேஜ் பசங்க சார், ஒண்ணா வந்தோம்" என்று சிரிப்பு வேறு! அந்த எட்டு இருக்கைகளும் யாருடையவை? காசு கொடுத்து முந்துகிறவனைத் திட்டுகிற வாய்க்கு, கூட்டம் காட்டி முந்துவதற்கு மட்டும் என்ன நியாயம்? இரண்டும் ஒன்றுதான்.

வரிசையைத் தேடி வரும் சோறு

கியூவையும் சாப்பாட்டையும் ஒன்றாக நடத்துவதில் உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடிய இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பதி! நம் பேட்டையிலிருந்து புரட்டாசி மாதத்தில் எத்தனை பேர் போகிறார்கள்! பக்தியைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறேன். இலவச தரிசனத்துக்கே நேரம் குறித்த டோக்கன் கொடுக்கிறார்கள். வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸில் மக்களை வெயிலில் நிறுத்தாமல் கூடங்களில் உட்கார வைக்கிறார்கள். அங்கேயே சாப்பாடு வருகிறது, குழந்தைகளுக்குப் பால் வருகிறது, கழிப்பறையும் இருக்கிறது. 1985-ல் தொடங்கிய அன்னதானத் திட்டம் இன்றும் நடக்கிறது. 300 ரூபாய் சிறப்பு தரிசனமும் அங்கே உண்டு என்பதை மறைக்கவில்லை. கூட்டம் அலைமோதும் நாட்களில் கஷ்டம் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஓர் அடிப்படையை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பசித்தவன் கியூவை விட்டு ஓட வேண்டியதில்லை. சோறு கியூவைத் தேடி வரும்.

ஒரு தீம் பார்க்கில் இதைச் செய்ய முடியாதா? நீண்ட கியூ நிற்கும் இடத்தில் தள்ளுவண்டியில் தண்ணீரும், மோரும், சுண்டலும், எலுமிச்சை சாதப் பொட்டலமும் வந்தால் போதும். மெயின் கவுண்டரில் பாதிக் கூட்டம் குறைந்துவிடும். நம் மெரினாவில் சுண்டல் விற்கிற தம்பிக்குத் தெரிந்த வியாபாரம், கோடிக்கணக்கில் முதல் போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன?

பூங்காக்காரர்களுக்கு ஐந்து வேண்டுகோள்

ஒன்று: குழுவாக வருகிறவர்களுக்கு வாசலிலேயே சாப்பாட்டு நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். நிமிஷக் கணக்கில் வேண்டாம். '11.30 முதல் 12.15 வரை' என்று முக்கால் மணி இடைவெளி போதும். ராட்டின கியூவில் மாட்டிக்கொண்டவனும் மூச்சு வாங்கி வந்து சேர்வான்.

இரண்டு: முன்னதாகவோ பின்னதாகவோ சாப்பிடுகிறவருக்கு ஒரு சின்னச் சலுகை கொடுங்கள். ஒரு டம்ளர் பாயசம் போதும். 1 மணிக் கூட்டம் தானாகக் கரையும்.

மூன்று: எந்த ராட்டினத்தில் எவ்வளவு நேரம் கியூ, சாப்பாட்டுக் கூடத்தில் எவ்வளவு நேரம் கியூ என்று நாலு இடத்தில் பெரிய பலகையில் காட்டுங்கள். செல்போன் ஆப் இருந்தாலும் சரி. தண்ணீர் விளையாட்டில் யார் கையில் போன் இருக்கும்? தெரிந்தால் மக்கள் தாங்களே பிரிந்து போவார்கள்.

நான்கு: ராட்டினம் ஓட்டும் ஊழியர்களுக்கும் பசிக்கும். அவர்களையும் பேட்ச் பேட்சாகச் சாப்பிட அனுப்புங்கள். எல்லா ராட்டினமும் ஒரே நேரத்தில் மந்தமாகக் கூடாது. அவர்கள் வயிறு காய்ந்து நின்றால் நம் பெல்ட்டை யார் சரியாகப் பார்ப்பார்கள்?

ஐந்து: வீட்டிலிருந்து கட்டி வரும் புளிசாதத்தை வாசலில் பிடுங்காதீர்கள். சாப்பிட ஒரு கொட்டகை ஒதுக்குங்கள். குப்பை போட்டால் அபராதம் போடுங்கள், தப்பில்லை. ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்தப் புளிசாதம், உள்ளே வர முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கிறது. கவுண்டரில் ஐந்து பேர் குறைகிறார்கள் என்ற லாபமும் இருக்கிறது.

நமக்கு நாமே

பூங்காக்காரர் கேட்கிறபோது கேட்கட்டும். இந்த வருஷச் சுற்றுலாவில் நாமே தொடங்கலாம். ஐம்பது பேரைப் பத்துப் பத்தாக ஐந்து குழு. 11.30-க்கு இரண்டு குழு, 12.00-க்கு ஒன்று, 2.15-க்கு ஒன்று, 2.45-க்கு ஒன்று. 12.30-லிருந்து 2 மணி வரை யாரும் சாப்பாட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. அந்த ஒன்றரை மணிதான் பெரிய ராட்டினங்களுக்கு நல்ல நேரம். கேட் திறந்ததும் எல்லாரும் வாசலுக்குப் பக்கத்து ராட்டினத்தில் விழுவார்கள். நாம் உள்ளே கடைசியில் இருப்பதிலிருந்து ஆரம்பிப்போம். காசிமேட்டில் நல்ல மீன் வேண்டுமென்றால் விடியும் முன் போகிறோமே, அதே புத்திதான்! 2.45 குழு காலையில் பஸ்ஸிலேயே நன்றாக டிபன் சாப்பிட்டுவிட வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பசி தாங்காதவர்கள் முதல் குழுவில். சாப்பிட்ட உடனே தலைகீழாகச் சுற்றும் ராட்டினத்தில் ஏற வேண்டாம். காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை! அரை மணி ஏதாவது மெதுவான விளையாட்டு. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லையே என்ற குறை வேண்டாம். மாலை 5 மணிக்கு எல்லாரும் ஒரே இடத்தில் கூடி டீ குடிப்போம்.

ஒரு சந்தேகம் வரலாம். 'எல்லாரும் இதே மாதிரி 11.30-க்குப் போனால், 11.30-ம் 1 மணி ஆகிவிடாதா?' ஆகும். நிச்சயம் ஆகும். தனி மனிதன் கெட்டிக்காரனாக இருந்து தப்பிப்பது சில நாளைக்குத்தான். எல்லாருக்கும் தெரிந்த தந்திரம் தந்திரமல்ல. அதனால்தான் பொதுவான ஏற்பாடு வேண்டும் என்கிறேன். தொழிற்சாலையில் ஒவ்வொரு தொழிலாளியும் தன் இஷ்டத்துக்கு 'இன்றைக்கு எப்போது போனால் கூட்டம் இருக்காது?' என்று யோசித்துக்கொண்டிருக்கவில்லை. மணி அடித்தது, முறை வந்தது, போனான். முறை இருக்கும் இடத்தில் முந்துவதற்கு அவசியமே இல்லை.

நாளைக்கு நாம் படித்து முடித்து சூப்பர்வைசராகவோ, டிப்போ இன்ஜினியராகவோ, ஏன் ஒரு தீம் பார்க்கின் மெயின்டனன்ஸ் பொறுப்பிலோ உட்காரப் போகிறோம். ரேஷன் கடையிலும், ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு வரிசையிலும் நிற்கிற நம் ஜனங்களின் நேரம் அப்போது நம் கையில் இருக்கும். கியூவில் நிற்பது ஏழைக்கு எழுதி வைத்தது என்று நினைக்கிற அதிகாரியாக ஆகப் போகிறோமா? அல்லது தாளை எடுத்து, 'மணிக்கு எத்தனை பேர், எத்தனை கவுண்டர், எப்போது வரச் சொல்லலாம்?' என்று கணக்குப் போடுகிற அதிகாரியாக ஆகப் போகிறோமா? அந்தக் கணக்கை ஒரு விளையாட்டுப் பூங்காவில் தொடங்கிப் பழகினால் தப்பே இல்லை.

சுற்றுலாத் தேதி அறிவிப்புப் பலகையில் வரும். பெயர் கொடுக்கும்போதே உங்கள் சாப்பாட்டுக் குழு எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள். இந்த முறை திரும்பி வரும் பஸ்ஸில் "மச்சான், எட்டு ராட்டினம்டா!" என்ற குரல் கேட்கட்டும்!